டெலிவரி ஆயிடுச்சா? டிக்கெட் க்ளோஸ்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டிப் பொழப்பு நடத்துறவ. இதுல வர்ற மருந்துப் பேரைப் பாத்துட்டு யாரும் நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போயிடாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க. இன்னொண்ணு, பதிவு கொஞ்சம் நீளம். கோவம் அதை விட நீளம்.

"குழந்தை பொறந்ததும் எல்லாம் சரியாயிடும்."

இந்த ஒரு வரியை எத்தனை பேர் எங்கிட்ட சொல்லியிருக்காங்கன்னு உக்காந்து எண்ணிப் பாத்தேன். ஸ்கேன் எடுத்த அக்கா, டயட் சார்ட் குடுத்த பொண்ணு, ரெண்டு டாக்டருங்க, அம்மா, அத்தை, எதிர் ஃப்ளாட் மாமி, ஆபீஸ்ல என் டீம் லீட் (அவருக்கு ரெண்டு பசங்க, அதனால எக்ஸ்பர்ட்டாம்). பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன். அந்த ஒரு வரியோடதான் எனக்குச் சண்டை.

கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன். 26வது வாரம் குளுக்கோஸ் தண்ணி குடிக்க வச்சாங்க. 75 கிராம். கல்யாண வீட்டு ரசனாவை காய்ச்சி வத்த வச்ச மாதிரி ஒரு இனிப்பு. ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தா 168. 140க்கு மேல போனா கர்ப்பகால சர்க்கரைன்னு கணக்கு. அன்னையிலேர்ந்து எனக்கு கிடைச்ச மரியாதை இருக்கே, ஆஹா! வாரா வாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். தினம் நாலு தடவை விரல்ல குத்து. கடைசி ரெண்டு மாசம் இன்சுலின். ரங்கமணி எக்செல்ல சீட் போட்டு, கலர் குடுத்து, கிராஃப் எல்லாம் வரைஞ்சார். 120 தாண்டினா சிவப்பு. ஒரு நாள் ஆபீஸ்ல பர்த்டே கேக் ஒரு துண்டு தின்னுட்டு வந்து மாட்டினேன். சிவப்புக் கட்டத்தைப் பாத்துட்டு மனுஷன் ராத்திரி முழுக்க பேசலை.

38வது வாரம் சிசேரியன். பாப்பா 3.3 கிலோ. பொறந்ததும் அதோட குதிகால்ல குத்தி சுகர் பாத்தாங்க. அம்மாவுக்கு சுகர் இருந்தா பிள்ளைக்கு பொறந்ததும் சுகர் இறங்கிடலாம், அதுக்காக. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பப் பாத்தாங்க. நல்ல விஷயம்தான், குறையே சொல்ல மாட்டேன். என் இன்சுலினை அன்னிக்கே நிறுத்தினாங்க. ரெண்டாம் நாள் வெறும் வயித்துல 98. ட்யூட்டி டாக்டர் சிரிச்சுக்கிட்டே, "போயிடுச்சும்மா, இனிமே எல்லாம் சாப்பிடலாம்" அப்படின்னாங்க. எங்கம்மா அந்த சந்தோஷத்துலயே வார்டு முழுக்க லட்டு குடுத்தாங்க.

டிஸ்சார்ஜ் சம்மரின்னு ஒண்ணு குடுத்தாங்க. அன்னிக்கு நான் படிக்கலை, யார் படிப்பா அந்த நேரத்துல. ஏழு மாசம் கழிச்சு தேடி எடுத்துப் படிச்சேன். பாப்பாவுக்கு ஒண்ணரை பக்கம். எடை, மஞ்சள் காமாலை, ஊசி தேதி, எல்லாம் இருக்கு. எனக்கு ஆறு வரி. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், தையலுக்கு எப்ப வரணும். சுகருக்கு ரெண்டே ரெண்டு வார்த்தை: "நார்மல் டயட்". பில்லு மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. டெலிவரி வரைக்கும் ராவும் பகலும் இருபது பேர் நிப்பான். டெலிவரி ஆனதும் கேக்கு வெட்டி டீமைக் கலைச்சிடுவான். அப்புறம் ப்ரொடக்ஷன்ல என்ன வெடிச்சாலும் கேக்க நாதி இருக்காது. நான் அப்படி டெலிவரி ஆன ப்ராஜெக்ட்.

சரி, மேட்டருக்கு வருவோம். "சரியாயிடும்"ங்கிறது முழுப் பொய்யா? இல்லை, பாதி உண்மை. அதனாலதான் அது முழுப் பொய்யை விட ஆபத்து. கர்ப்பத்துல நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினை சரியா வேலை செய்ய விடாது. உடம்பு அதுக்கு ஈடு குடுக்க வழக்கத்தை விட நிறைய இன்சுலின் சுரக்கணும். நிறைய பேருக்கு கணையம் அதை சமாளிச்சிடும். சிலருக்கு முடியாது, அவங்களுக்குத்தான் கர்ப்பகால சர்க்கரை. நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் அந்த ஹார்மோன் போயிடுது, சுகரும் இறங்கிடுது. நம்ம பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா இது ஒரு லோட் டெஸ்ட். லோட் ஏத்தினப்ப சர்வர் படுத்துடுச்சு. லோடை எடுத்ததும் எந்திரிச்சு உக்காந்துடுச்சு. அதைப் பாத்துட்டு "ஃபிக்ஸ் ஆயிடுச்சு"ன்னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ற எஞ்சினியரை எந்த மேனேஜராவது சும்மா விடுவானா? சர்வரோட லட்சணம் என்னன்னு இப்பத்தானேய்யா தெரிஞ்சிருக்கு!

இது நான் சொல்ற கதை இல்லை. 2009ல லான்செட்ல வந்த ஆய்வுத் தொகுப்பு ஒண்ணு, கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்ணுக்கு பின்னாடி டைப் 2 சர்க்கரை வர்ற வாய்ப்பு, வராத பெண்ணை விட ஏழு மடங்குன்னு சொல்லுது. 2020ல பிஎம்ஜேல வந்த இன்னொண்ணு கிட்டத்தட்ட பத்து மடங்குங்குது. நம்ம நாட்டுல சுகர் இருக்குறவங்க சுமார் 10 கோடி பேர்னு 2023ல ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லிச்சு. அந்தக் கூட்டத்துல அடுத்து சேரப் போறவ யாருன்னு முன்கூட்டியே பேரும் அட்ரஸும் தெரியுற இடம் பிரசவ வார்டு. தெரிஞ்சும் லட்டு குடுத்து அனுப்புறோம்.

இன்னும் கடுப்பான விஷயம், என்ன பண்ணணும்னு எழுதி வச்சிருக்காங்க. மத்திய சுகாதார அமைச்சகத்தோட 2018 வழிகாட்டியிலயே இருக்கு: கர்ப்பகால சர்க்கரை வந்தவங்களுக்கு பிரசவம் ஆகி ஆறாவது வாரம் அதே 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட். வெறும் வயித்துல 126ம் அதுக்கு மேலயும் இருந்தாலோ, ரெண்டு மணி நேரம் கழிச்சு 200ம் அதுக்கு மேலயும் இருந்தாலோ சுகர். ரெண்டு மணி நேரக் கணக்கு 140க்கு கீழ இருந்தா நார்மல், நடுவுல இருந்தா வேலியில நிக்கறீங்கன்னு அர்த்தம். நார்மல்னு வந்தாலும் ஒண்ணுலேர்ந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாக்கணும். மூணு மாச சராசரி டெஸ்ட் போதாதான்னு கேக்காதீங்க. பிரசவத்துல ரத்தம் போயிருக்கும், இரும்புச்சத்து குறைஞ்சிருக்கும், அந்த நேரத்துல அந்த நம்பரை நம்ப முடியாது. அந்த இனிப்புத் தண்ணியை இன்னொரு தடவை குடிச்சுத்தான் ஆகணும்.

ஆறாவது வாரம் நான் எங்க இருந்தேன்? ஆஸ்பத்திரியில! பாப்பாவுக்கு முதல் பெரிய தடுப்பூசி அப்பத்தான். அதே ஆஸ்பத்திரி, அதே மாடி, லேப் பக்கத்து ரூம். ரெண்டு மணி நேரம் க்யூவுல உக்காந்திருந்தேன். ஒரே ஒரு ஆள், "காலையில சாப்பிடாம வாங்க"ன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். பாப்பாவோட கார்டுல 6, 10, 14 வாரம்னு அழகா கட்டம் போட்டு தேதி எழுதி வச்சிருக்காங்க. ஒரு ஊசி தள்ளிப் போனா நர்ஸ் திட்டறாங்க. எனக்கு ஒரு கட்டம் கூட கிடையாது.

நடுவுல நடந்த கூத்தையும் சொல்லணும். டிஸ்சார்ஜ் ஆனதும் திருநெல்வேலி, அம்மா வீடு. அல்வா ஊருல பொறந்தவளுக்கு சுகர் வந்தா என்ன பாடுன்னு யோசிச்சுக்கோங்க. ஆச்சி கையில ஆட்சி. காலையில கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நல்லெண்ணெய் மிதக்க. பத்து மணிக்கு பிரசவ லேகியம், நெல்லிக்காய் சைஸ் ரெண்டு உருண்டை. மத்தியானம் வெள்ளைச் சோறு, பூண்டுக் குழம்பு, நெய். காய்? "பிள்ளைக்கு வயித்த வலிக்கும்." கீரை? "குளிர்ச்சி." பழம்? "சளி பிடிக்கும்." சாயங்காலம் சீனி போட்ட பால், ரஸ்க்கு. இன்னது சாப்பிடக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு பாருங்க, சர்க்கரைக்காரிக்கு நல்லது எதுவோ அத்தனையும் அதுல இருக்கு.

"ஆச்சி, எனக்கு சுகர் இருந்துச்சு, மறந்துட்டியா?"

"அது பிள்ள வயித்துல இருக்கும்போது ஏட்டி. இப்பம் பச்ச உடம்பு. களி திங்காம இடுப்பு எலும்பு எப்பிடி சேரும்?"

ஆச்சி மேல எனக்குக் கோவம் இல்லை. அவ பெத்தது ஏழு, தங்குனது நாலு. பிரசவம் ஆன நாப்பது நாள்தான் அவளுக்கு வயிறு நிறைய சோறு கிடைச்ச நாள். அந்தக் காலத்துப் பசிக்குப் பண்ணின சாப்பாடு அது, பாசத்தோட ஊட்டுறா. ஆஸ்பத்திரியில ஒருத்தர் அவளைக் கூப்பிட்டு, "பாட்டி, களி பண்ணுங்க, கருப்பட்டியை மட்டும் விட்டுடுங்க, கூட ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் அவரைக்காயும் வைங்க"ன்னு சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா. டாக்டரம்மா சொன்னா ஆச்சிக்கு வேதவாக்கு. ஆனா டாக்டரம்மா சொன்னது "எல்லாம் சாப்பிடலாம்". அப்புறம் ஆச்சியை எப்படி குத்தம் சொல்றது? இணையத்துல "பழமையான பத்தியத்தால் கெடும் தாய்மார்கள்"னு மாஞ்சு மாஞ்சு எழுதறவங்க, அந்த ஆறு வரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்தியும் நாலு வரி எழுதலாம்.

அப்புறம் அறிகுறி. இதை நினைச்சா இப்பவும் எரியுது. சுகர் ஏறினா என்ன ஆகும்? தாகம் எடுக்கும். அடிக்கடி ஒண்ணுக்கு வரும். களைப்பா இருக்கும். பசிக்கும். சாப்பிட்டும் எடை இறங்கும். புண்ணு ஆற லேட் ஆகும். இப்ப சொல்லுங்க, கைக்குழந்தைக்காரிக்கு இதுல எது இல்லை? ராத்திரி ரெண்டு செம்பு தண்ணி குடிச்சேன். "பால் குடுக்குறவளுக்கு தாகம் எடுக்கத்தான் செய்யும்." நின்னுக்கிட்டே தூங்கினேன். "எல்லா அம்மாவும் அப்படித்தான்." நாலு மாசத்துல பழைய சுடிதார் சேர்ந்துச்சு. "பரவாயில்லையே, நல்லா இளைச்சுட்டியே!" பாராட்டு வேற! தையல் போட்ட இடத்துல அரிப்பு, புண்ணு. "வேர்வை, பவுடர் போடு." நானும் நம்பினேன் மக்களே. எஞ்சினியரிங் படிச்சவதான், ஒரு லாக் கூட பாக்காம நம்பினேன். குளுக்கோமீட்டர் அலமாரியில ரங்கமணியோட எக்செல் பிரிண்ட் அவுட்டுக்குப் பக்கத்துல சும்மா கிடந்துச்சு.

பேறுகால லீவு முடிஞ்சு ஆபீஸ் போனேன். அங்க வருஷாந்திர ஹெல்த் செக்கப். ஓசிதானேன்னு போய் ரத்தம் குடுத்தேன். வெறும் வயித்துல 144. சாப்பிட்டு 231. மூணு மாச சராசரி 7.6. பாப்பாவுக்கு அப்ப ஏழு மாசம். எப்ப ஏறிச்சு? ஆறாவது வாரமே இருந்துச்சா, நாலாவது மாசமா? யாருக்கும் தெரியாது. அத்தனை நாளும் மானிட்டரிங்கை ஆஃப் பண்ணி வச்சிருந்தோம்.

"தெரிஞ்சா மட்டும் என்ன, எப்படியும் மாத்திரைதானே"ன்னு சிலர் கேக்கலாம். ஒண்ணு யோசிங்க. சுகர் ஏறியிருக்கிறது தெரியாமயே ரெண்டாவது உண்டாயிருந்தா? குழந்தைக்கு இதயம், முதுகுத்தண்டு எல்லாம் உருவாகிறது முதல் எட்டு வாரத்துக்குள்ள. அந்த நேரத்துல அம்மாவுக்கு சுகர் கட்டுப்பாடில்லாம இருந்தா பிறவிக் குறை வர்ற வாய்ப்பு ஏறும். பல பேருக்கு உண்டாயிருக்கிறதே தெரியாத நேரம் அது. அப்ப போய் 26வது வாரத்துல குளுக்கோஸ் தண்ணி குடுத்து என்ன பிரயோஜனம்? முதல் குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கணும்ல.

மெட்ஃபார்மின் எழுதிக் குடுத்தாங்க. மெடிக்கல் ஷாப்புல சீட்டை வாங்கின பையன் இடுப்புல இருந்த பாப்பாவைப் பாத்தான். "பால் குடுக்குறீங்களாக்கா? அப்ப இது வேணாம், பால்ல இறங்கும்." சரின்னு வீட்டுக்கு வந்தா அத்தையும் அதையே சொன்னாங்க. கூடவே, "சுகர்க்காரி பால் குடிச்சா பிள்ளைக்கும் சுகர் வரும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க." மாத்திரையை முழுங்கிட்டு, ரெண்டு நாள் பாலை நிறுத்தினேன். ராத்திரி மூணு மணிக்கு பாத்ரூம்ல நின்னு பாலைப் பீச்சி வாஷ்பேசின்ல ஊத்தினேன். வெளிய பாப்பா அழுவுது. உள்ள நான். அந்த ரெண்டு ராத்திரியை யார் கணக்குல எழுதறது?

மூணாம் நாள் டாக்டருக்குப் போன் போட்டா, "அடடா, அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, தாராளமா குடுங்க" அப்படின்னு சிரிச்சாங்க. மெட்ஃபார்மின் பால்ல போறது ரொம்பக் கொஞ்சம். எடைக்கு எடை கணக்குப் பாத்தா அம்மா சாப்பிடுற டோஸ்ல நூத்துல ஒரு பங்கு கூட பிள்ளைக்குப் போகாது. இன்சுலினும் பால் குடுக்குறப்ப தாராளமா போட்டுக்கலாம். சொல்லப் போனா பால் குடுக்கிறது அம்மாவுக்கே நல்லது. கலிஃபோர்னியாவுல கர்ப்பகால சர்க்கரை வந்த ஆயிரம் பெண்கள் போல ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்து 2015ல வெளியிட்டாங்க. நிறைய, நிறைய மாசம் பால் குடுத்தவங்களுக்கு சுகர் வந்தது குறைவு. இதை மாத்திரைச் சீட்டு எழுதும்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாமே மேடம், அப்புறம் எதுக்கு சிரிப்பு?

அடுத்து அறிவுரை. "எட்டு மணி நேரம் தூங்குங்க, டென்ஷன் ஆகாதீங்க, தினம் 45 நிமிஷம் வேக நடை, மூணு வேளையும் டயத்துக்கு சாப்பிடுங்க." ஏழு மாசக் குழந்தையை மடியில வச்சிருக்குறவகிட்ட! டயட் சார்ட்ல 11 மணிக்கு ஒரு கப் வெள்ளரிக்காய், 4 மணிக்கு சுண்டல். 11 மணிக்கு எனக்கு ஸ்டாண்ட்அப் மீட்டிங், 4 மணிக்கு பம்ப்பை எடுத்துக்கிட்டு ரூம் தேடணும். சாப்பிட்டு சரியா ரெண்டு மணி நேரத்துல குத்திப் பாக்கணுமாம். நான் சாப்பிட ஆரம்பிச்சது எப்ப, முடிச்சது எப்பன்னு பாப்பாவைத்தான் கேக்கணும். ஒரு தோசையை மூணு தவணையா தின்னா எதிலேர்ந்து ரெண்டு மணி நேரம்?

நடக்க மாட்டேன், வாயைக் கட்ட மாட்டேன்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல நடந்த பெரிய தடுப்பு ஆய்வுல, முன்னாடி கர்ப்பகால சர்க்கரை வந்தவங்களுக்கு உணவு, உடற்பயிற்சி மாத்தினதுல சுகர் வர்ற வாய்ப்பு பாதியா குறைஞ்சுச்சு, மெட்ஃபார்மின்லயும் அதே அளவு. உண்மைதான். ஆனா அந்தப் பெண்களுக்கு பிரசவம் ஆகி சராசரியா 12 வருஷம் ஆகியிருந்துச்சு. அவங்க பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க! இதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷ்ல புதுசா பெத்த 1,800 அம்மாக்கள் கிட்ட வகுப்பு எடுத்து, போன் பண்ணி முயற்சி பண்ணிப் பாத்தாங்க. 2022ல முடிவு வந்துச்சு: சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்? நம்மூரு பொம்பளைங்க சோம்பேறின்னா? நேரமும் தூக்கமும் இன்னொரு ஜோடிக் கையும் குடுக்காம அறிவுரையை மட்டும் குடுத்தா வேலைக்காவாதுன்னு நான் எடுத்துக்கறேன்.

எங்க வீட்டுல வேலைக்கு ஆனது என்னன்னு கேட்டா, ராத்திரி பத்துலேர்ந்து மூணு வரைக்கும் பாப்பா ரங்கமணி பொறுப்பு. நான் பீச்சி வச்சதை அவர் குடுப்பார். அஞ்சு மணி நேரம் ஒரே மூச்சா தூங்க ஆரம்பிச்ச வாரத்துலேயே காலை சுகர் இறங்க ஆரம்பிச்சுது. மாத்திரையும் வேலை செஞ்சிருக்கும், இல்லேங்கலை. ஆனா அந்த டயட் சார்ட்டை எங்கிட்ட குடுத்ததுக்கு பதிலா அவர்கிட்ட குடுத்திருக்கணும். நடை? மொட்டை மாடியில, பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பத்து நிமிஷம். தட்டுல முதல்ல காய், அப்புறம் முட்டையோ மீனோ, கடைசியில சோறு. தட்டு பாதியில நின்னாலும் சோறுதான் மிச்சம். பாப்பாவோட உபயம் :-)

என் தோழி ஒருத்திக்கு இது இன்னும் மோசம். அவளுக்கு பன்னெண்டு வயசுலேர்ந்து டைப் 1. பிரசவம் ஆன அன்னிக்கே இன்சுலின் தேவை சடார்னு இறங்கிடுச்சு. பால் குடுக்குறப்ப இன்னும் இறங்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு பிள்ளை மார்ல, இவளுக்குக் கை நடுங்கி கண்ணு இருட்டுது. தலகாணிக்கு அடியில குளுக்கோஸ் பொட்டலம் இல்லாம அவ படுக்கிறதே இல்லை. எனக்கு ஏறுது, அவளுக்கு இறங்குது. ரெண்டு பேருக்கும் கிடைச்ச ஆறுதல் ஒண்ணுதான்: குழந்தை நல்லா இருக்குல்ல, அது போதும்.

அந்த "அது போதும்"தான் இங்க பிரச்னையே. கர்ப்பத்துல எனக்கு நடந்த அத்தனை ராஜ உபசாரமும் எனக்கு இல்லை. உள்ள இருந்த பாப்பாவுக்கு. நான் பேக்கேஜிங்!

ஒரு வேடிக்கை சொல்றேன். எங்க பெரியப்பா மகனோட வீட்டம்மா, என் மதினி, நாங்குநேரி பக்கம் கிராமம். ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் செக்கப், பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில. செலவு ஆட்டோ காசு. அவங்களுக்கும் கர்ப்பத்துல சுகர். ஆறாவது வாரம் பிள்ளைக்கு ஊசி போட வரும்போது கிராமத்து நர்சம்மா, "நீ வெறும் வயித்தோட வந்துரு"ன்னு சொல்லி குளுக்கோஸ் தண்ணி குடுத்துட்டாங்க. எல்லா ஊர்லயும் இப்படியான்னா, இருக்காது. ஆனா என் ஒரு லட்சத்து முப்பதாயிரம் செய்யாததை ஒரு நர்சம்மாவோட ஞாபக சக்தி செஞ்சிருக்கு. நாங்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரின்னு பீத்திக்கிட்டோம்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சுகர் பாக்கணும்னு 2007லயே உத்தரவு போட்ட மாநிலம் நம்மளது. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட் போதும்னு கிராமத்துப் பெண்ணுக்கும் எட்டுற மாதிரி முறையைக் கொண்டு வந்ததுல முன்னாடி நின்னவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவரோட பிறந்த நாள் மார்ச் 10ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டு வாசலுக்கு சுகர் மாத்திரை வருது. முன்னாடி பாதியும் இருக்கு, பின்னாடி பாதியும் இருக்கு. நடுவுல அந்த ஆறாவது வாரம் மட்டும் யார் பொறுப்புன்னு இல்லாம கிடக்குது. எங்கம்மாவுக்கு என்னை சுமந்தப்ப சுகர் இருந்துச்சான்னு கேட்டேன். "அப்பல்லாம் யாரு பாத்தா"ன்னாங்க. 43 வயசுல அவங்களுக்கு சுகர் தெரிஞ்சுது, அதுவும் கால்ல ஒரு புண்ணு ஆறலைன்னு போனப்ப. சுகரோட சுமந்த அம்மாவோட பிள்ளைக்கும் பின்னாடி வர்ற வாய்ப்பு கூடுதல்னு சொல்றாங்க. நான் கணக்குப் போட்டுப் பாக்கலை, பாக்கவும் பிடிக்கலை.

நான் கேக்கறது ஒண்ணும் பெரிசா இல்லை. பாப்பாவோட தடுப்பூசி கார்டுல 6 வாரம்னு ஒரு வரி இருக்குல்ல? அதுக்குக் கீழ "அம்மா: சர்க்கரை டெஸ்ட், சாப்பிடாமல் வரவும்"னு ஒரு வரி அச்சடிங்க. ஒரு லைன் சேஞ்ச். எங்க ஆபீஸ்ல இதுக்கு டெஸ்டிங்கோட சேத்து அரை நாள் எஸ்டிமேட் குடுப்போம்.

போன மாசம் பாப்பாவுக்கு ஒன்பதாம் மாச ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன். க்யூவுல உக்காந்திருந்தப்ப அவ கார்டோட கடைசிப் பக்கத்துல பேனாவால என் அடுத்த டெஸ்ட் தேதியை எழுதிக்கிட்டிருந்தேன். நர்ஸ் பாத்துட்டாங்க.

"என்னங்க இது, பாப்பா கார்டுல கிறுக்கறீங்க? உங்களுக்குன்னு கார்டு இல்லையா?"

"இல்லைங்க"ன்னேன்.

பாப்பா எந்திரிச்சுட்டா. வரேன் மக்களே.